பிளவுண்ட நகரில் ஒரு மிதிவண்டி

இராசபாளையத்து நூற்பாலைக்கும் திருவில்லிபுத்தூர்ச் சந்தைக்கும் அச்சமின்றிச் சென்று மீளும் நம் பெண்டிர், யாழ்ப்பாணத்து ரஜினி திராணகமவை அறிதல் வேண்டும்.

பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர். இரு பெண்மக்களின் தாய். அமைதிப்படை ஒருபுறம், போராளி இயக்கங்கள் மறுபுறம். அரிசி வாங்கவும் சோதனைச்சாவடி கடக்கவேண்டிய காலம். துன்புற்ற மகளிர்க்கெனப் ‘பூரணி’ இல்லத்திற்கு உழைத்தார். ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர் நால்வருள் ஒருவராய், எத்தரப்பின் கொலையையும் மறையாது எழுதினார். ஒரு தரப்பை விட்டிருந்தால் அதன் நிழலேனும் கிட்டியிருக்கும்! கொல்லாமை நோன்பினராகிய நமக்கு அவர் அயலார் அல்லர்.

1989 செப்டம்பர் 21 அன்று, மிதிவண்டியில் வீடு திரும்புகையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அகவை 35. தோழர்கள் ஊர்விட்டு நீங்க நேர்ந்தபின்னும் அவ்வெழுத்தை நிறுத்தவில்லை.