கண்ணாடித் தொட்டியில் கடலும் அதற்குரிய நூல்களும்

இலண்டன் மாநகரின் றீஜன்ற் பூங்காவிலுள்ள விலங்கியற் சங்கத் தோட்டத்தில் 1853ஆம் ஆண்டு மே மாதம் புதிய மண்டபம் ஒன்று திறந்து வைக்கப்பட்டது. சுற்றிலும் கண்ணாடித் தொட்டிகள். அவற்றுட் சிலவற்றிற் கடல்நீர். அந்நீரில் உயிருடன் உலாவும் மீன்களும், பூப்போல் விரிந்து நிற்கும் கடற்சாமந்திகளும். கரையில் நின்று அலைகளை மட்டுமே கண்டு பழகிய நகர மாந்தர், கடலுக்குள் நடப்பதைக் கால் நனையாமற் பார்க்கக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. கூட்டம் அலைமோதியதில் வியப்பில்லை.

அத்தொட்டிகளுக்கு வேண்டிய உயிர்களிற் பலவற்றைத் திரட்டிக் கொடுத்தவர் பிலிப் ஹென்றி கொஸ் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர். டெவன், டோசற் முதலிய தென்மேற்கு இங்கிலாந்துக் கரையோரங்களிலே, வற்றுக் காலத்தில் பாறைகளுக்கிடையே தேங்கும் சிறு குளங்களில் முழங்காலூன்றி மணிக்கணக்காக ஆராய்ந்தவர் அவர். அடுத்த ஆண்டில், அதாவது 1854இல், 'தி அக்குவேரியம்' என்ற நூலை வெளியிட்டார். கடலுயிர்களை வீட்டிலே வளர்ப்பது பற்றிப் பொதுமக்கள் கையில் முதன்முதலாகப் பரவலாகச் சென்ற நூல் இதுவெனலாம். வண்ணப் படங்களை அவரே வரைந்தார். 1855இல் செய்முறைகளை மட்டும் சுருக்கிச் சொல்லும் கைந்நூலொன்றும் வந்தது.

கடலுக்குத் தொலைவில் வாழ்வோர் என் செய்வர் என்பதற்கும் கொஸ் விடை கண்டார். பிரைற்றன் கரையின் கடல்நீரைப் பகுத்துப் பார்த்த இரசாயனக் கணக்கை ஆதாரமாக வைத்து, நான்கு உப்புக்களை நன்னீரிற் கரைத்துச் செயற்கைக் கடல்நீர் ஆக்கினார். கறியுப்பு, பேதியுப்பு, மகனீசியங் குளோரைட்டு, பொற்றாசியங் குளோரைட்டு ஆகியனவே அவை. சுண்ணாம்புச் சத்தை அவர் சேர்க்கவில்லை. இன்று முருகைக்கல் வளர்ப்போர் முதலிற் கவனிப்பது அந்தச் சுண்ணாம்பைத்தான் என்பதை அறிந்தவர்கள் இவ்விடத்திற் புன்னகை செய்யக்கூடும். ஆயினும், நீரும் உப்பும் கொண்டு கடலைச் செய்துவிடலாம் என்ற துணிவை உலகுக்கு முதலிற் கொடுத்தவர்களுள் அவர் ஒருவர்.

கண்ணாடி மீதிருந்த வரி பிரித்தானியாவில் 1845இல் நீக்கப்பட்டிருந்தது. புகையிரதப் பாதைகள் கரையோர ஊர்கள் வரை நீண்டிருந்தன. இவற்றோடு கொஸின் நூல்களும் சேர்ந்தன. வரவேற்பறையிலே கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பது நாகரிகமாயிற்று. விடுமுறைக்குக் கரையோரம் சென்ற குடும்பங்கள் ஒரு கையிற் கொஸின் நூலும், மறு கையில் உளியும் வாளியுமாகப் பாறைக் குளங்களுக்கு இறங்கின. பின்னர் நிகழ்ந்ததை அவருடைய மைந்தர் எட்மண்ட் கொஸ் 1907இல் வெளியிட்ட 'தந்தையும் மைந்தனும்' என்னும் நினைவு நூலிற் சொல்கிறார். எண்ணற்ற காலமாகத் தீண்டப்படாதிருந்த அக்குளங்கள் சில ஆண்டுகளுக்குள் சூறையாடப்பட்டுப் பாழாகிவிட்டன. தம்முடைய எழுத்தே அதற்கு வழிகோலியது என்பதைத் தந்தை உணர்ந்து பெரிதும் மனம் நொந்தார் என்பது மைந்தரின் சாட்சியம். வீடுகளுக்குச் சென்ற உயிர்களோ பெரும்பாலும் நெடுநாள் வாழவில்லை. நீர் கலங்கிற்று, நாறிற்று; 1860களின் இறுதிக்குள் அந்த மோகமும் அடங்கிவிட்டது.

இந்த வரலாற்றை முதலிற் கூறக் காரணமுண்டு. கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்பும் ஒருவர் எந்த நூலை வாங்கலாம் என்று கேட்பது வழக்கம். அழகிய படங்கள், எளிய நடை, தொட்டி அமைக்கும் முறை ஆகிய எல்லாம் கொஸின் நூலிலும் இருந்தன. அதில் இல்லாதவை இரண்டு: உயிர்கள் ஏன் இறக்கின்றன என்னும் அறிவு ஒன்று, எவற்றைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்னும் எச்சரிக்கை மற்றொன்று. இக்காலத்து நூல்களை இவ்விரண்டையும் கொண்டே மதிப்பிடுவது தகும்.

முதலாவதை எடுத்துக்கொள்வோர் கொஸைக் குறை கூற இயலாது. நீர்த்தாவரங்கள் ஒட்சிசனை ஈய, விலங்குகள் அதனைச் சுவாசித்துக் காபனீரொட்சைட்டைத் திருப்பிக் கொடுக்க, இரண்டும் சமநிலையில் நின்றால் தொட்டி என்றும் நிலைக்கும் என்பதே அக்காலக் கொள்கை. றொபேட் வரிங்ரன் என்னும் இரசாயன அறிஞர் 1850இல் நன்னீர்த் தொட்டி கொண்டு விளக்கியதும் இதுவே. உண்மையான பகைவன் வேறு. மீனின் பூக்களிலிருந்து இடையறாது அமோனியா வெளியேறுகிறது. உண்ணாது விட்ட இரை அழுகும்போதும் அது தோன்றுகிறது. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றும். அது அத்துணைக் கொடியதன்று. மண்ணிலே இம்மாற்றத்தைச் செய்யும் நுண்ணுயிர்களை ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி பிரித்துக் காட்டியது 1890 அளவில். புதுத் தொட்டியிலே இவை கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். அதற்கு முன்னே மீனை விட்டவர், மீனை அதன் சிறுநீரிலேயே மூழ்கடித்தவராவர்.

இச்செய்தியை முறையாக எடுத்துரைத்தவர்களுள் ஸ்ரீபன் ஸ்பொற் என்ற அமெரிக்கர் முதன்மையானவர். மூடிய தொட்டியில் நீரைப் பேணுவது பற்றி அவர் 1970இல் ஒரு நூலும், 1979இல் 'சீவோற்றர் அக்குவேரியம்ஸ்' என்னும் விரிந்த நூலும் எழுதினார். இரசாயனம் கற்றவர்க்கு அவை விருந்து, மற்றவர்க்குக் கடுங்கஷாயம். அதே அறிவைச் சாதாரண வாசகருக்கு இறக்கிக் கொடுத்தவர் மாட்டின் மோ. புளோரிடாவில் மீன்வள ஆராய்ச்சியாளராக இருந்த இவர், 1970களின் தொடக்கத்தில் கோமாளி மீன்களை வணிக அளவில் இனம்பெருக்கிக் காட்டியவர். 1982இல் வெளிவந்த இவருடைய 'மரீன் அக்குவேரியம் ஹான்ட்புக்' என்னும் கைந்நூல் நண்பர் ஒருவர் அருகிலிருந்து சொல்லித் தருவது போன்ற நடையுடையது. அப்பதிப்பு விவரிக்கும் பரல்களின் அடியிலான வடிகட்டி முறையை இன்று பலர் கைவிட்டுவிட்டனர். எனினும் மீனின் நோய்களையும் இனப்பெருக்கத்தையும் அறிய விரும்புவோர் அந்நூலைப் புறக்கணிக்க வேண்டியதில்லை.

மீனோடு நில்லாது முருகைக்கல்லையும் உயிருடன் வளர்க்க விழைவோர்க்கு வழி காட்டியது ஐரோப்பாவோ அமெரிக்காவோ மட்டுமன்று. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் 1961இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் தம் முறையை வெளியிட்டார். கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் செறிந்த கற்கள், கடல்நீர், நல்ல ஒளி, மெல்லிய காற்றுக்குமிழ். அவ்வளவே. அந்தக் கல்லின் நுண்துளைகளுக்குள் வாழும் நுண்ணுயிர்களே நீரைத் தூய்மை செய்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. இன்றைய முருகைக்கல் தொட்டிகள் பெரும்பாலும் இவ்வழியின் வளர்ச்சியே.

இத்துறையில் முழுமையான நூலொன்று வேண்டுமென்போர்க்கு, சாள்ஸ் டெல்பீக், யூலியன் ஸ்பிறங் என்னும் இருவர் எழுதிய 'தி றீவ் அக்குவேரியம்' உண்டு. மூன்று பாகங்கள், 1994, 1997, 2005 ஆகிய ஆண்டுகளில் வந்தன. முதற்பாகம் கல்முருகைகளையும் இராட்சதச் சிப்பிகளையும், இரண்டாம் பாகம் மென்முருகைகளையும் கடற்சாமந்திகளையும் விளக்கும். விலையும் பருமனும் மிகுந்தவை. நூலகத்திற் கிடைப்பின் அங்கேயே படித்துக் குறிப்பெடுத்தல் நலம்.

ஒரே ஒரு நூல்தான் வாங்க முடியும் என்பவருக்கோ, றொபேட் பென்னர் 1998இல் எழுதிய 'தி கொன்சியென்ஷஸ் மரீன் அக்குவாரிஸ்ற்' என்பதையே தயக்கமின்றிச் சொல்லலாம். மனச்சாட்சியுள்ள கடல்மீன் வளர்ப்போன் என்பது தலைப்பின் பொருள். கொஸின் நூலில் இல்லாத அந்த இரண்டாவது அறிவு இதிலே நிரம்பியிருக்கிறது. மீன் குடும்பம் ஒவ்வொன்றையும் எடுத்து, எது தொட்டியில் வாழும், எது வாழாது என்று ஒளிவு மறைவின்றிச் சொல்கிறார். கடையிற் கண்ணைப் பறிக்கும் மீன்களுட் பல வாழா இனத்தவையே. உயிருள்ள முருகையை அன்றி வேறொன்றும் உண்ணாத வண்ணத்துப்பூச்சி மீன் வகைகள் தொட்டியிலே பட்டினியால் மடியும். மற்ற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று பிழைக்கும் துப்புரவு மீனும் பெரும்பாலும் அவ்வாறே மெலிந்து சாகும். அது போய்விட்டாற் கடலில் உள்ள மற்ற மீன்களுக்கு வைத்தியரில்லை என்பது வேறு.

இஃது அற்பச் செய்தியன்று. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் உலகப் பேணற் கண்காணிப்பு நிலையம் 2003இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1,471 வகைக் கடல்மீன்கள், ஆண்டுக்கு 2 கோடி முதல் 2 கோடி 40 இலட்சம் வரை, தொட்டிகளுக்காக வாணிபம் செய்யப்பட்டன. தொட்டி வாழ்வுக்கு ஏலாதது என்று நன்கு தெரிந்த அந்தத் துப்புரவு மீனும் ஏராளமாக விற்கப்பட்டதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டுகிறது.

இலங்கையும் இவ்வாணிபத்துக்குப் புறம்பானதன்று. இத்தீவின் கரையோரப் பார்களில் மூழ்குவோர் பிடிக்கும் மீன்கள் பொலித்தீன் பைகளில் நீரும் ஒட்சிசனும் நிரப்பப்பட்டு ஆகாய வழியாகப் பிற நாடுகளுக்குச் செல்கின்றன. வெளிர்நீல உடலும் மஞ்சள் முதுகுத்துடுப்பும், வாலடியிற் கத்தி போன்ற முள்ளும் உடைய ஓர் இந்து சமுத்திர மீன் அவற்றுள் ஒன்று. பார்த்தவர் வாங்காமற் செல்வதரிது; ஆனால் நீந்துவதற்குப் பரந்த இடம் கேட்பது, வெண்புள்ளி நோய்க்கு விரைவில் இரையாவது. நான்கு அடித் தொட்டி அதற்குச் சிறைக்கூடம். இத்தகைய மீன்களைக் கடலிற் பார்த்தே இனங்காண விரும்புவோர்க்கு, இயன் மன்றோ எழுதி 1955இல் கன்பராவில் வெளியான இலங்கை மீன்கள் பற்றிய பெருநூல் இன்னும் உதவும். சில பெயர்கள் பின்னர் மாறிவிட்டன. கோட்டுப் படங்கள் மாறவில்லை.

முருகைகளுக்கு எரிக் போர்ண்மன் 2001இல் எழுதிய 'அக்குவேரியம் கோறல்ஸ்' சிறந்தது. முருகை என்பது கல்லன்று, உயிர். அதுவும் தன்னுள்ளே நுண்பாசியைக் குடிவைத்து அது சமைக்கும் உணவில் வாழும் உயிர் என்பதிலிருந்து தொடங்குகிறார். கல்முருகைகளின் சர்வதேச வாணிபம் அருகிவரும் உயிரினங்கள் பற்றிய உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் அடங்குவதால், காட்டிலிருந்து வெட்டியதைவிடத் தொட்டியிலே கிளை ஒடித்து வளர்த்ததை வாங்குதல் சட்டத்துக்கும் கடலுக்கும் உகந்தது.

வளர்த்தல் போதாது, இனம்பெருக்கவும் வேண்டும் என்போர் ஜோய்ஸ் வில்கர்சன் 1998இல் எழுதிய 'குளௌன்பிஷஸ்' என்னும் சிறு நூலை நாடலாம். கோமாளி மீன் கல்லில் ஒட்டும் முட்டைகளைத் தந்தை மீன் விசிறிக் காப்பதும், ஒரு வாரத்துக்கு மேற்பட்டு ஓரிரவிலே குஞ்சுகள் வெளிவருவதும், கண்ணுக்குத் தென்படாத சில்லுயிர்களை அவற்றுக்கு இரையாக முன்கூட்டியே வளர்த்து வைக்க வேண்டியதும் அதிற் படிப்படியாகக் கிடைக்கும். வீட்டிற் பிறந்த கோமாளி மீன் ஒவ்வொன்றும் கடலிலிருந்து பிடிக்க வேண்டாத ஒரு மீனாகும்.

வாங்கும்போது நூலின் பதிப்பாண்டைப் பார்த்தல் வேண்டும். விளக்கு, வடிகட்டி முதலிய கருவிகள் பற்றிய அத்தியாயங்கள் பத்தாண்டுகளிற் பழசாகும். உயிர்களின் உணவும் குணமும் பற்றியவை அவ்வாறு பழசாவதில்லை. நூலைத் தொட்டிக்கு முன்னரே வாங்குவது நன்று. அவ்வாறு வாங்கத் தவறியவருக்கும் ஓர் இடைவேளை உண்டு. கல்லும் மணலும் உப்புநீரும் மட்டுமாய், மீனொன்றும் இன்றித் தொட்டி நுண்ணுயிர்களுக்காகக் காத்திருக்கும் அந்த ஆறு வாரங்களில், பென்னரின் நூலை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்துவிடலாம்.