பருவத்தின் சிறந்த புதுமுகம்

வலப்பனைப் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் விடுமுறை நாளின் மாலைப் பொழுது. மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் நடந்த மென்பந்துக் கிரிக்கெட் போட்டிகளின் இறுதி ஆட்டம் முடிந்து, இளைஞர்கள் தேநீர்க் கடை வாங்குகளில் வந்து அமர்வர். வென்றவர் யார் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. ஓட்டக் கணக்கே அதனைச் சொல்லிவிடும். வாதம் மூள்வது வேறொரு வினாவின் மீது. இப்பருவத்தில் முதன்முதலாக ஆட வந்த பிள்ளைகளுள் சிறந்தவன் யார்? அதிக ஓட்டம் எடுத்தவன் என்பார் ஒருவர். இக்கட்டான வேளையில் இறுதி ஓவரை வீசியவன் என்பார் மற்றொருவர். மூலையில் இருக்கும் முதியவரோ, சென்ற ஆண்டு இவ்வாறே தோளில் தூக்கிக் கொண்டாடப்பட்டவன் இந்த ஆண்டு எங்கே என்று கேட்டு இருவரையும் வாயடைக்கச் செய்வார்.

இவ்வினா வலப்பனைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் தொழில்முறை உதைபந்தாட்டத்திலும், இந்தியாவின் ஐ.பி.எல். போட்டிகளிலும், சர்வதேசக் கிரிக்கெட் பேரவையிலும் ஆண்டுதோறும் எழுவது இதே வினாதான். புதுமுகம் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது எளிய செயல் போலத் தோன்றும். ஆயினும் அதனுள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. புதுமுகம் எனப்படுபவர் யார்? அவருடைய திறனை எதனைக் கொண்டு அளப்பது? அளப்பவரின் கண்ணில் படாமலே போனவர் எவர்? முதல் இரண்டையும் பற்றி உலகெங்கும் பேசுகின்றனர். மூன்றாவதே மலையகத்தார் சிந்திக்க வேண்டுவது.

முதலாவது வினாவுக்கு அமெரிக்கர் தரும் விடை தெளிவானது. அவர்களது உதைபந்தாட்டம், பெயரில் உதைத்தலைக் கொண்டிருப்பினும், பெரும்பாலும் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடப்படுவது. கல்லூரி ஆட்டங்களில் பயின்ற இளைஞரைத் தொழில்முறைக் கழகங்கள் ஆண்டுக்கு ஒருமுறை வரிசை முறைப்படி தெரிந்தெடுக்கின்றன. அங்ஙனம் வந்தவர் ஆடும் முதற் பருவமே புதுமுகப் பருவம். மறு ஆண்டு அவர் புதுமுகம் அல்லர்.

கிரிக்கெட்டில் இவ்வரம்பு நெகிழ்வானது. ஐ.பி.எல். போட்டிகளில் வழங்கப்படும் வளர்ந்து வரும் வீரர் விருதுக்கு வயதெல்லை உண்டு. முன்னர் ஆடிய ஆட்டங்களின் தொகைக்கும் எல்லை உண்டு. அவ்வெல்லைகளைக் கடக்காதவர் எவரும் அதற்குத் தகுதியுடையவரே. சென்னையைச் சேர்ந்த சாய் சுதர்சன் 2022 ஆம் ஆண்டில் அப்போட்டிகளில் அறிமுகமானார். அவருக்கு விருது கிடைத்ததோ 2025 ஆம் ஆண்டில். அப்பருவத்தில் 759 ஓட்டங்கள் பெற்று, ஓட்டக் குவிப்பில் எல்லோரையும் முந்தி நின்றவர் அவரே. நான்காம் பருவத்தில் ஆடுபவரைப் புதுமுகம் எனலாமோ என்று ஒருவர் கேட்டால் அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் விதியிலும் பிழையில்லை. அமெரிக்கர் தேடுவது புதிதாய் வந்தவரை. இந்தியர் தேடுவது வளர்ந்து வருபவரை. இரண்டும் வெவ்வேறு தேடல்கள். எதனைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே சொல்லாமல் விருது வழங்கும்போதுதான் மனத்தாங்கல் பிறக்கிறது.

இரண்டாவது வினா, அளவுகோலைப் பற்றியது. இதனைத் தோட்டத்து மக்களுக்கு எவரும் புதிதாய்க் கற்பிக்க வேண்டியதில்லை. புதிதாகப் பேர் பதிந்த பெண் ஒருத்தி முதல் நாள் கொழுந்து பறித்துக் கூடையுடன் நிறுவைக்கு வருகிறாள். தராசு அவளுக்கு ஓர் எண்ணைச் சொல்கிறது. ஆயினும் அனுபவம் மிக்க கங்காணி அந்த எண்ணோடு நின்றுவிடுவதில்லை. கூடைக்குள் கையை விட்டுப் பார்க்கிறார். இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளப்பட்டுள்ளனவா, முற்றலும் காம்பும் கலந்து நிறை கூடியுள்ளதா என்று நோக்குகிறார். அவள் நின்ற மலை செழித்துத் துளிர்த்த மலையா, கொழுந்து அருகிய மலையா என்பதையும் நினைவிற் கொள்கிறார். உடப்புசல்லாவைப் பக்கத்தில் வறண்ட காற்று வீசும் மாதங்களில் கொழுந்து குறையும். ஆனால் தேயிலையின் மணம் உயர்வது அப்போதுதான். தராசை மட்டுமே நம்புபவர் அம்மாதங்களின் அருமையை அறியார்.

ஆட்டக் கணக்கும் அத்தகையதே. மட்டமான தளத்தில், சோர்ந்துபோன பந்து வீச்சுக்கு எதிரே எடுத்த எண்பது ஓட்டங்களும், பந்து துள்ளி எழும் தளத்தில், ஏனையோர் வரிசையாக ஆட்டமிழந்து செல்கையில் எடுத்த முப்பது ஓட்டங்களும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கவையல்ல. இவ்வேறுபாட்டை அமெரிக்கர் ஓரளவு உணர்ந்திருந்தனர். அசோசியேட்டட் பிரெஸ் செய்தி நிறுவனம் 1967 முதல் தாக்கி ஆடுவோரில் ஒருவரையும் தடுத்து ஆடுவோரில் ஒருவரையுமாகப் புதுமுகங்கள் இருவரைத் தெரிந்து வருகிறது. அம்முதலாண்டில் இரு விருதுகளும் டெட்ரோயிட் நகரக் கழகத்துக்கே சென்றன. மெல் ஃபார், லெம் பார்னி என்பார் அவற்றைப் பெற்றனர். அங்ஙனம் பிரித்தும் குறை முற்றாக நீங்கவில்லை. பந்தைத் தொடாமலே, எதிரியைத் தடுத்து நிறுத்தித் தம் தோழருக்கு வழியமைத்துத் தரும் முன்வரிசை வீரர் எவருக்கும் 2024 ஆம் ஆண்டுப் பருவம் வரையில் அத்தாக்குநர் விருது கிட்டியதில்லை. அவரது உழைப்பு கணக்கேட்டில் எண்ணாக ஏறுவதில்லை என்பதே காரணம். வலப்பனையிலும் எல்லைக் கோட்டருகே நின்று, சரிவில் உருளும் பந்தைத் தேயிலைச் செடிகளுக்குள் புகவிடாமல் நாள் முழுதும் மறிக்கும் சிறுவனின் நிலை அதுவேயன்றோ?

முதற் பருவத்துக் கணக்கு வேறொரு வகையிலும் ஏமாற்றவல்லது. இலங்கைக் கிரிக்கெட் வரலாற்றிலேயே இதற்கு இரு துருவங்களான எடுத்துக்காட்டுகள் உண்டு. 2008 ஆம் ஆண்டில் அஜந்த மெண்டிஸ் தமது முதல் டெஸ்ட் தொடரில் இந்தியாவை எதிர்த்து மூன்று ஆட்டங்களில் 26 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1946 இல் இங்கிலாந்தின் அலெக் பெட்சர் தமது முதல் தொடரில் எடுத்த 24 விக்கெட்டுகளை அது விஞ்சியது. அவ்வாண்டின் வளர்ந்து வரும் வீரர் விருதைச் சர்வதேசக் கிரிக்கெட் பேரவை அவருக்கே வழங்கியது. ஆனால் அவரது விரல்களின் மர்மத்தைத் துடுப்பாட்டக்காரர் நாளடைவில் அறிந்துகொண்டனர். 19 டெஸ்ட் ஆட்டங்களில் 70 விக்கெட்டுகளோடு அவரது டெஸ்ட் வாழ்வு முடிந்தது.

மறு துருவத்தில் நிற்பவர் மாவன் அத்தபத்து. 1990 இல் டெஸ்ட் அரங்குக்கு வந்த அவர், முதல் மூன்று ஆட்டங்களின் ஆறு இன்னிங்சுகளில் பெற்றது ஒரே ஓர் ஓட்டம். ஏனைய ஐந்திலும் பூச்சியம். இவ்வாட்டங்களுக்கிடையே ஆண்டுகள் பல கழிந்தன. எந்தப் புதுமுகப் பட்டியலிலும் அவர் பெயர் இடம்பெற வழியில்லை. அவரோ பின்னர் 90 டெஸ்ட் ஆட்டங்களில் 5502 ஓட்டங்களைக் குவித்தார். ஆறு முறை இரட்டைச் சதம் அடித்தார். நாட்டின் அணிக்குத் தலைமையும் தாங்கினார். அமெரிக்காவிலும் இதற்கு இணையான கதை உண்டு. 2000 ஆம் ஆண்டில் 199 ஆவது ஆளாகத் தெரிந்தெடுக்கப்பட்ட டொம் பிரேடி, அப்பருவம் முழுவதிலும் எறிந்த பந்துகள் மூன்று. தோழர் கைக்குச் சேர்ந்தது ஒன்று. அவரே பிற்காலத்தில் ஏழு முறை தேசிய வாகையர் பட்டம் வென்ற அணிகளில் ஆடினார்.

இவற்றைக் கொண்டு மெண்டிசுக்கு அளித்த விருது தவறு என்று கொள்ளலாகாது. 2008 இல் அவரினும் சிறந்த புதுமுகம் இல்லை என்பது நியாயமான தீர்ப்பே. விருது என்பது நடந்த பருவத்துக்கு எழுதும் சாட்சியம். வரப்போகும் ஆண்டுகளுக்குக் கணிக்கும் சாதகமன்று. பிழை விருதில் இல்லை; விருது பெறாதவனைப் பயனற்றவன் என எண்ணி ஒதுக்குவதில் உள்ளது. அத்தபத்துவுக்கு மீண்டும் மீண்டும் கதவு திறக்கப்பட்டது. திறக்கப்படாதிருந்தால் அந்த 5502 ஓட்டங்களும் பிறந்திரா.

இங்கேதான் மூன்றாவது வினா எழுகிறது. காலியைச் சேர்ந்த கமிந்து மெண்டிஸ் 2022 ஜூலையில் அவுஸ்திரேலியாவை எதிர்த்துத் தமது முதல் டெஸ்டில் ஆடினார். அணியினர் சிலர் கொவிட் தொற்றினால் விலக நேர்ந்தமையால் கிடைத்த வாய்ப்பு அது. 61 ஓட்டங்கள் எடுத்தார். விலகியவர் திரும்பியதும் அவருக்கு இடமில்லாது போயிற்று. அடுத்த டெஸ்டில் ஆட 2024 மார்ச் வரை காத்திருந்தார். பங்களாதேஷின் சில்ஹெட் நகரில் நடைபெற்ற அவ்வாட்டத்தில் 102 உம் 164 உம் எடுத்தார். தாம் ஆடிய முதல் எட்டு டெஸ்ட் ஆட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஐம்பதுக்குக் குறையாத இன்னிங்ஸ் ஒன்றை ஆடிய முதல் வீரர் எனும் பெருமை அவ்வாண்டிலேயே அவரைச் சேர்ந்தது. 2024 ஆம் ஆண்டின் வளர்ந்து வரும் வீரரும் அவரே. இடைப்பட்ட ஏறக்குறைய இருபது மாதங்களில் அவரது திறன் எங்கும் சென்றுவிடவில்லை. ஆட இடமில்லாதவனுக்குக் கணக்கில்லை. கணக்கில்லாதவனைத் தெரிவாளர் காண்பதில்லை.

மலைநாட்டு நேயர்கள் முத்தையா முரளிதரனின் வரலாற்றை இந்நோக்கில் மீண்டும் எண்ணிப் பார்ப்பது தகும். அவருடைய பாட்டனார் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். தந்தையார் கண்டிப் பகுதியில் வணிகராக நிலைபெற்றார். அதனால் பேரன் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் பயில முடிந்தது. அங்கே கடினப் பந்து இருந்தது, தளம் இருந்தது, வேகப் பந்து வீசிய பதினான்கு வயதுச் சிறுவனைச் சுழற்பந்துக்குத் திருப்பிய பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ இருந்தார். 1979 இல் ரஞ்சன் மடுகல்ல முதன்முதலாகப் பெற்ற ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் விருது, 1991 இல் முரளிதரனைத் தேடி வந்தது. 1992 ஆகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் டெஸ்டில் 141 ஓட்டங்கள் கொடுத்து மூன்று விக்கெட்டுகள் எடுத்தார். அடக்கமான தொடக்கம் அது. 2010 இல் காலியில் அவர் விடைபெற்ற நாளில் அத்தொகை 800 ஆயிற்று.

திறன் அவருடையது, ஐயமில்லை. ஆனால் அத்திறன் பட்டியலில் ஏறுவதற்கு லயத்திலிருந்து மைதானம் வரை இரண்டு தலைமுறைகள் நடக்க வேண்டியிருந்தது. இன்றும் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் சமதளமான மைதானம் அரிது. மென்பந்தில் வல்லவனான சிறுவன் கடினப் பந்தைக் கையிலேந்தும் முன்னரே பாடசாலையை விட்டுக் கொழும்புக் கடையொன்றில் வேலைக்குச் செல்வதும் உண்டு. அவனைத் தெரிவாளர் நிராகரிக்கவில்லை. அவர் அவனைக் கண்டதேயில்லை. நிராகரிக்கப்பட்டவனுக்கு மறு பருவம் ஒன்று உண்டு. காணப்படாதவனுக்கு அதுவும் இல்லை.

தோட்டத்து விளையாட்டுக் கழகங்கள் இதனை நாளையே மாற்றிவிட இயலாது. ஆயினும் மூன்று காரியங்கள் அவற்றின் கைக்கு எட்டியவை. போட்டியின் முதற் பந்து வீசப்படும் முன்னரே, புதுமுகம் என்பவர் யார் என்று எழுதி அறிவிக்கலாம். வாதத்தில் பாதி அங்கேயே அடங்கும். கணக்கேட்டில் ஓட்டத்தையும் விக்கெட்டையும் மட்டுமன்றி, பிடித்த பிடிகளையும், தடுத்த பந்துகளையும், ஆடிய தளத்தின் தன்மையையும் குறித்து வைக்கலாம். கூடைக்குள் கைவிட்டுப் பார்க்கும் கங்காணியின் கண் அது. விருதுக்குப் பெயர் சொல்லும் முன், ஒவ்வொரு பிரிவிலும் ஒரு முறையேனும் ஆடக் கிடைக்காமல் கோட்டுக்கு வெளியே நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணி, அவர்களுக்கென இரண்டொரு ஆட்டங்களை ஒதுக்கலாம். பல்லக்கு வேண்டியதில்லை, ஒரு பிற்பகலும் ஒரு பந்தும் போதும்.

அப்போது தேநீர்க் கடை வாங்கில் அமர்ந்து சிறந்தவன் யாரென்று வாதாடுவதில் முன்னினும் சுவை கூடும். வெற்றி பெற்ற பிள்ளைக்குக் கிண்ணத்தைக் கொடுத்து மனமாரப் பாராட்டலாம். மூலையில் இருக்கும் முதியவர், சென்ற ஆண்டுச் சிறுவன் எங்கே என்று கேட்கும்போது, அவன் இந்த ஆண்டும் ஆடினான் என்று பதில் சொல்லவும் இயலும்.