யாருடைய பணம்?

(அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ரோட்டரி சங்கத்தில் உங்களுக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. வாரக் கூட்டம் நடத்துவது, உள்ளூரில் நிதி திரட்டுவது பற்றி நம் இளைஞர்களுக்குச் சிறிது சொல்லுங்கள்" என்று அறக்கட்டளைச் செயலாளர் பணித்தார். அவர் எதிர்பார்த்தவை வெற்றிக் கதைகளாக இருக்கலாம். ஆனால் இன்று நான் சொல்லவிருப்பதன் நடுப்பகுதி, பொருளாளராக இருந்தபோது நான் செய்த ஒரு பிழை. விழா மேடைக்கு அது பொருந்துமா என்று இரண்டு நாள் எண்ணிப் பார்த்தேன். பொருந்தும் என்றே தோன்றியது.

முதலில் அந்தச் சங்கத்தின் பிறப்பைச் சுருங்கச் சொல்கிறேன். 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் மாலை, அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் ஓர் அலுவலக அறையில் கூடினார். நிலக்கரி வணிகர் ஒருவர், சுரங்கப் பொறியாளர் ஒருவர், தையற்கடை நடத்தியவர் ஒருவர். அயலூரிலிருந்து பெருநகரில் குடியேறிய ஹாரிஸுக்கு வருமானம் இருந்தது. உறவென்று சொல்ல ஆளில்லை. முறை வைத்து ஒவ்வொருவர் அலுவலகத்திலும் சுழன்று கூடியதால் 'ரோட்டரி' என்று பெயர் வந்தது. தொடக்கத்தில் அது தோழமைக்கும் ஒருவர் தொழிலுக்கு ஒருவர் துணைநிற்பதற்கும் கூடிய கூட்டமே. பொதுத்தொண்டு பிறகுதான் வந்தது. 1907இல் அவர்கள் முதன்முதலாகக் கைக்கொண்ட பொதுப்பணி எது தெரியுமா? சிகாகோ நகரில் பொதுக் கழிப்பறை அமைக்க முயன்றது. மண்டபமோ சிலையோ மணிக்கூண்டோ அவர்கள் நினைவுக்கு வரவில்லை. இதைப் பிறகு மீண்டும் தொடுவேன்.

எங்கள் ஊர்ச் சங்கம், பொன்னூர் மலையைத் தொலைவில் பார்க்கக்கூடிய ஒரு சிற்றூரில் உள்ளது. செவ்வாய்தோறும் இரவு 7.30க்குக் கூட்டம். அரிசி ஆலைக்காரர், கோரைப்பாய் வணிகர், மருத்துவர், வழக்கறிஞர், பள்ளித் தலைமையாசிரியர் என்று ஏறக்குறைய முப்பது பேர். தலைவர் மணியடித்துத் தொடங்குவார். வருகைப் பதிவேடு சுற்றி வரும். தாமதமாக வந்தவருக்குச் சிறு தண்டம். மகனுக்கு வேலை கிடைத்தவர் தாமாகவே பெட்டியில் போடும் மகிழ்ச்சிக் காணிக்கை. ஒருவர் ஏதேனும் ஒரு பொருள் பற்றி இருபது நிமிடம் பேசுவார். அதன்பின் வரவு செலவு, பிறகு உணவு. மாதம் இருமுறை கூடினாலே போதும் என்று 2016இல் உலக அமைப்பு தளர்வு தந்தது. எங்களவர்கள் வாரக் கூட்டத்தை விடவில்லை.

உணவு என்றேன். இரவுணவு நீத்த எனக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் அன்னையாரும் கேட்டார். மாலை ஆறு மணிக்குள் வீட்டில் உண்டுவிட்டுச் செல்வேன். எல்லாரும் உண்ணும்போது வெறும் இலைக்கு முன் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பேன். உணவுச் செலவு அனைவர்க்கும் சமப் பங்கு. ஆகவே உண்ணாத உணவுக்கு ஆண்டுக்கணக்காகப் பணம் கொடுத்த ஒரே உறுப்பினன் நானாகத்தான் இருப்பேன். முதல் ஆண்டில் கேலி செய்தார்கள். இரண்டாம் ஆண்டில் காரணம் கேட்டார்கள். சர்க்கரை நோய் கண்ட இரண்டு மூன்று பேர், மருத்துவர் சொல்லிக் கேட்காதவர்கள், பிறகு என்னருகே வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

இரவுணவை விடக் கடினமான சோதனை நிதி திரட்டும்போது வந்தது. தமிழ்நாட்டில் 2003 சனவரியில் லாட்டரி விற்பனைக்குத் தடை வருவதற்கு முந்தைய ஆண்டுகள் அவை. கண் பரிசோதனை முகாம் ஒன்றுக்குப் பணம் வேண்டும். குலுக்கல் சீட்டு அச்சிட்டு விற்போம், முதற்பரிசு மிதிவண்டி என்றார்கள். எளிய வழிதான், நோக்கமும் நல்லது. ஆனால் ஏழு விசனங்களுள் முதலாவது சூது என்று குழந்தைப் பருவத்திலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஒரு ரூபாய்ச் சீட்டில் ஆசையை விற்றுத்தான் அறம் செய்ய வேண்டுமா? எழுந்து, "என்னால் விற்க இயலாது" என்றேன். "அப்படியானால் வேறு வழி சொல்" என்றார் தலைவர். மறுப்பவன் மாற்றும் சொல்ல வேண்டும் என்ற அந்தக் கேள்வி நியாயமானது. அடுத்த செவ்வாய்க்குள் வேறு வழி காண வேண்டியதாயிற்று.

கண்ட வழி பழைய செய்தித்தாள். ஞாயிறுதோறும் நான்கு நான்கு பேராக ஒரு தள்ளுவண்டியுடன் தெருத்தெருவாகச் சென்றோம். கைக்காசு கேட்டால் தயங்கும் வீடுகள், பரணில் கிடக்கும் தாளைக் கேட்டால் மகிழ்ந்து கொடுத்தன. சிலர் பித்தளைச் சாமான் தந்தார்கள். ஒரு மூதாட்டி மட்டும் ஒவ்வொரு வாரமும் நான்கைந்து தாள்களை மடித்துச் சணல் கயிற்றால் கட்டி வாசலிலேயே வைத்திருப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்துத் தேநீர்க் கடையில் கேட்டு வாங்கிச் சேர்த்தவை அவை. தமக்கே கண்புரை இருந்தது என்று பின்னர் அறிந்தோம். எட்டு வாரத்தில் முகாமுக்கு வேண்டிய பணம் சேர்ந்தது.

இனி என் பிழை. முகாமைத் தொடங்கி வைக்க மூன்று பெரிய மனிதர்கள் வந்தார்கள். மூவருக்கும் பொன்னாடை, மாலை, நினைவுப் பரிசு. அந்தச் செலவைப் பொருளாளனாகிய நான் முகாம் கணக்கிலேயே எழுதினேன். முகாமுக்காக வந்தவர்கள்தாமே என்பது என் எண்ணம். அடுத்த செவ்வாய் கணக்கை வாசித்தபோது, பாய் வணிகர் ஒருவர், எண்பதை எட்டிய இஸ்லாமியப் பெரியவர், மெல்லக் கேட்டார்: "தம்பி, இந்த மூன்று பொன்னாடைக்கும் எத்தனை கட்டுத் தாள் ஆயிற்று?"

அவையில் ஒருவரும் பேசவில்லை. எனக்கு அந்தச் சணல் கயிறு கண்முன் வந்தது.

ரோட்டரியின் நடைமுறையில் வரவு செலவுத் திட்டம் இரு பகுதி. சங்கத்தை நடத்தும் செலவு ஒன்று. தொண்டுக்கு உரியது மற்றொன்று. முன்னது உறுப்பினர் சந்தாவிலிருந்து. தேநீர், தபால், மாலை மரியாதை எல்லாம் அதில். ஊராரிடம் பெற்றது ஒரு காசும் குறையாமல் ஊராருக்கே. இந்த விதி எனக்குத் தெரியாததன்று. தெரிந்தும், வேலை நெருக்கடியில் வேறுபாடு மங்கிவிட்டது. அன்றிரவே என் கையிலிருந்து அத்தொகையைச் செலுத்திக் கணக்கைத் திருத்தினேன்.

ஆனால் என்னை உறுத்தியது விதியை மீறியதன்று. என் பாட்டியார், கோயில் விளக்கின் வெளிச்சத்தில் தமக்கு வந்த கடிதத்தைக்கூடப் படிக்க விடமாட்டார். "அந்த எண்ணெய் பகவானுக்கு என்று கொடுத்தது, உன் கடிதத்துக்கு அன்று" என்பார். நிர்மால்யத்தைத் தன் பயனுக்கு எடுக்கலாகாது என்று கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு, அதே பாடத்தை ஒரு பாய்க்கடைப் பெரியவர் நினைவூட்ட வேண்டியதாயிற்று. கள்ளாமை என்னும் அணுவிரதத்தைப் பிறர் வீட்டுப் பொருளைத் தொடாமை என்று மட்டும் எண்ணியிருந்தேன். ஒரு பயனுக்கென்று கொடுத்ததை வேறு பயனுக்குத் திருப்புவதும் அதன் எல்லைக்குள் வருவதாக அன்றுமுதல் கொள்கிறேன்.

வாரந்தோறும் கூடுவது எதற்கு என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு வாசித்திருந்தால் அந்தப் பொன்னாடை 'இதரச் செலவு' என்னும் ஒரே வரிக்குள் மறைந்திருக்கும். ஏழு நாளில் வாசித்ததால் தாளும் கயிறும் எல்லார் நினைவிலும் இருந்தன.

கூட்டத்தின் மற்றொரு பயன், எது தேவை என்று அறிவது. அருகிலிருந்த அரசுப் பள்ளி ஒன்றுக்கு ஏதேனும் செய்ய எண்ணி, பெரிய நுழைவு வளைவு கட்டித்தர முடிவெடுத்திருந்தோம். சங்கத்தின் பெயர் பொறிக்க இடம் உண்டல்லவா! வாரக் கூட்டத்தில் பேச அழைக்கப்பட்டிருந்த அப்பள்ளித் தலைமையாசிரியை, நன்றி கூறிவிட்டு, "எட்டாம் வகுப்புப் பெண்கள் மாதத்தில் சில நாள் பள்ளிக்கு வருவதில்லை. அவர்களுக்குத் தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை இல்லை" என்றார். வளைவு நின்றது, கழிப்பறை எழுந்தது. நூறாண்டுக்கு முன் சிகாகோவில் தொடங்கிய இடத்துக்கே நாங்களும் வந்து சேர்ந்தோம்.

இன்றைய திருநாளின் வரலாறும் இதுவே அல்லவா? ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆதிபகவான் ஆகாரத்துக்காக ஊர் ஊராக எழுந்தருளினார். மக்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். யானை கொணர்ந்தார்கள், குதிரை கொணர்ந்தார்கள், மணியும் பொன்னும் குவித்தார்கள். முனிவருக்கு வேண்டியது என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் முற்பிறவி நினைவு பெற்று, ஒரு கை கரும்புச்சாறு ஏந்தினான். தான தீர்த்தம் அங்கே தொடங்கியது. அதற்குமுன் நிகழ்ந்தவை பொருள் குறைந்த கொடைகள் அல்ல. கேளாமல் கொடுத்த கொடைகள். காலையில் நீங்கள் கரும்புச்சாறு பருகும்போது எனக்கு அந்த நுழைவு வளைவு நினைவுக்கு வந்தது. மன்னிக்க வேண்டும்.

சிறு தொகையைப் பற்றியும் ஒரு சொல். ரோட்டரியின் அறநிலை நிதிக்கு 1917இல் வித்திட்டபோது வந்த முதல் நன்கொடை, கான்சாஸ் நகரச் சங்கம் அனுப்பிய 26 டாலர் 50 சென்ட். அவ்வாறு தொடங்கிய அமைப்புதான் 1979இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து வழங்கும் பணியைக் கைக்கொண்டு, 1985இல் அதை உலகப் பணியாக விரித்தது. அரசுகளும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் எண்ணற்ற ஊழியர்களும் சேர்ந்து இழுத்த தேர் அது. ஒருவர் பெருமை அன்று. இந்தியாவின் கடைசி நோயாளி 2011 சனவரி 13இல் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2014 மார்ச் 27இல் நம் நாடு போலியோ அற்றதென்று சான்று பெற்றது. சொட்டு மருந்து நாள்களில் பேருந்து நிலையத்தில் பந்தலிட்டு, செவிலியருக்கு உணவுப் பொட்டலம் கொடுத்ததே எங்கள் பங்கு. ஔஷத தானத்தில் பொட்டலம் கட்டுவதும் ஒரு பகுதிதான்.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். நம் அறக்கட்டளைக்குக் கல்வி உதவி நிதி உண்டு. அதன் கணக்கு ஆண்டுதோறும் இந்த மலரின் பின்பக்கத்தில் அச்சாகிறது. நேர்மையான கணக்கு, அதில் எனக்கு ஐயமில்லை. அதை வாசித்தவர்கள் கை உயர்த்துங்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். கேள்வி ஏன் எழுவதில்லை என்பதற்கு நான் காணும் காரணம், நாம் சிறு சமுதாயம் என்பது. பொருளாளர் ஒருவருக்குத் தாய்மாமன், மற்றொருவருக்குச் சம்பந்தி. மாமனிடம் கணக்குக் கேட்பது அவமதிப்பு என்று எண்ணுகிறோம். ரோட்டரியில் எனக்கு உறவினர் இல்லை. ஆகவே பெரியவர் எளிதாகக் கேட்டார், நான் எளிதாகத் திருத்திக்கொண்டேன். இங்கே அப்படி ஒருவர் என்னைக் கேட்டிருந்தால், மூன்று திருமணங்களுக்கு இரு குடும்பமும் போயிராது.

கேட்பது கடினமானால், கேட்குமுன் சொல்வது பொருளாளரின் கடமையாகட்டும். சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் எப்படி வருவார்கள் என்கிறார்கள் சிலர். வரக்கூடியவர் பத்துப் பேர் போதும்; சிகாகோவில் நால்வர்தான் இருந்தார்கள். அடிக்கடி கூடினால் வாக்குவாதம் வளரும் என்கிறார்கள் வேறு சிலர். வளரும். எங்கள் சங்கத்திலும் ஒருமுறை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. அடுத்த செவ்வாய் வந்தார்கள், தண்டமும் கட்டினார்கள்.

வாரம் ஒருமுறை என்று கேட்க எனக்குத் துணிவில்லை. மாதத்தில் முதல் ஞாயிறு, காலை அபிடேகம் முடிந்ததும், ஜினாலயத்து வெளி மண்டபத்தில் அரை மணி நேரம். அம்மாதம் யாரிடமிருந்து எவ்வளவு வந்தது, எந்த மாணவருக்கு எதற்காகச் சென்றது, அடுத்து யாருக்கு என்ன தேவை, இம்மூன்றை மட்டும் உரக்க வாசிப்போம். உதவி பெறும் பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டாம். வகுப்பையும் தேவையையும் சொன்னால் போதும். பெண்கள் கட்டாயம் வர வேண்டும். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்த இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

செயலாளரிடம் பேசிவிட்டேன், அவர் மறுக்கவில்லை. பொருளாளர் என் சிறிய தந்தையார் மகன். அவரிடம் நேற்றுப் பேசினேன். சற்று நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "நோட்டுப் புத்தகத்தை நீ வாங்கி வா, வாசிப்பது நான்" என்றார். வரும் மாதம் முதல் ஞாயிறு, காலை 9 மணி. பகற்பொழுது ஆதலால் தேநீர் எனக்கும் உண்டு. அதன் செலவு அவரவர் கையிலிருந்து.