கதவைத் தட்டுங்கள், சுவரைத் தட்டாதீர்கள்!

(பட்டிமன்றத் தலைப்பு: அடுக்குமாடிக் குடித்தனத்தில் பக்கத்து வீட்டு இரைச்சலுக்குத் தீர்வு சட்டமா, பேச்சா? ‘பேச்சே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

அன்பிற்குரிய நடுவர் அவர்களே, சட்டப் புத்தகமும் கையுமாக வந்திருக்கிற எதிரணி நண்பர்களே, மரியாதைக்குப் பேர்போன கோவை மாநகரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் விதிகளை அடுக்கினார். ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டு வந்தன; குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்றார். உண்மை. மறுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல்வீட்டுப் பையன் கட்டிலிலிருந்து குதிக்கிறான். அது எத்தனை டெசிபல்? அளக்கிற கருவி யார் வீட்டில் இருக்கிறது? காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரே நம்ம வீட்டில் அவசரத்துக்குக் கிடைக்கிறதில்லீங்க! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, வாடகைக்கு இருப்பவருக்கு இதில் இன்னொரு பயம் உண்டு. வாய் திறந்தால், “இவரு வில்லங்கம் புடிச்ச ஆளு போல” என்று ஓனர் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ? அட்வான்ஸ் அவர் கையில். பிள்ளையின் பள்ளிக்கூடம் பக்கத்தில். அதனால் மூன்று மாதம் பொறுக்கிறார். நாலாவது மாதம், நடுராத்திரியில் எழுந்து, ஒட்டடைக் குச்சியால் சீலிங்கை இடிக்கிறார். அது பேச்சு அல்ல, போர் முரசு! (கைதட்டல்)

அந்தப் பயம் வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால், அது நடப்பில் உள்ள வரை உங்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. அதற்கு உரிய காரணமும் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவும் வேண்டும். ஆக, சட்டம் கொடுப்பது தைரியம். அந்தத் தைரியத்தை வைத்துக்கொண்டு பேச வேண்டியவர் நீங்கள்தான்!

சரி, எப்படிப் பேசுவது? வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் நம்ம ஊர். அந்தப் பெருமை வெடியால நாலரை மணிக்கு நம் தலைக்கு மேலே சுற்றினால் என்ன செய்வது? மேல்வீட்டு அம்மா வேண்டுமென்றா செய்கிறார்? அவர் காதில் விழுவது மாவு அரைபடுகிற சத்தம் மட்டும். அதன் அதிர்வு தளத்தின் வழியாக இறங்கி, நம் சீலிங்கையே ஒலிபெருக்கி ஆக்கிவிடுகிறது. நாம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

இரண்டு விதமாகச் சொல்லலாம். “ஏனுங்க, இந்நேரத்துல கிரைண்டர் போடறீங்களே, உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?” ‘ங்க’ போட்டாச்சு, மரியாதை போயாச்சு! (சிரிப்பு) இன்னொரு விதம்: பகலில், கோபம் ஆறின பிறகு, கதவைத் தட்டி, “ஏனுங்கக்கா, பாப்பாவுக்குப் பரீட்சைங்க. பன்னெண்டு மணி வரைக்கும் படிக்கறா. கிரைண்டரை முந்தின நாள் பொழுதோட போட்டுக்க முடியுங்களா? இல்லீன்னா அடியில ஒரு தடிமனான ரப்பர் மேட் போட்டுப் பாக்கலாமுங்களா?” இதில் குற்றச்சாட்டு இல்லை, தேவை இருக்கிறது. குறையைச் சொன்னால் மனிதர் வாதாடுவார். தேவையைச் சொன்னால் யோசிப்பார்.

வள்ளுவர் பத்தாவது அதிகாரத்துக்கு ‘இனியவை கூறல்’ என்று பெயர் வைத்தார். அடுத்தது என்ன? ‘செய்ந்நன்றி அறிதல்’. சத்தம் குறைந்த மறுநாளே மாடிப்படியில் பார்த்து, “பாப்பா நல்லாத் தூங்கினாளுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வீட்டுக் கிரைண்டர் அப்புறம் அகாலத்தில் ஓடாது!

இன்னொருவரைப் பாருங்கள். நூற்பாலையில் நைட் ஷிப்ட் முடித்து, காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து படுக்கிறார். சட்டத்தின் இரவு ஆறு மணிக்கே முடிந்துவிட்டது. அவருடைய இரவு அப்போதுதான் தொடங்குகிறது. நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் 30 டெசிபலுக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் சொன்னது. பகல் கணக்கு 55 அவரைக் காப்பாற்றுமா? “அண்ணா, நைட் ஷிப்ட்டுங்க, மத்தியானம் வரைக்கும் டிவியைச் சித்தெ கொறைச்சு வைங்க” என்ற ஒரு வாய்ச்சொல்தான் காப்பாற்றும்.

எதிரணித் தலைவர் சென்னை மாதவரம் நெடுஞ்சாலை வழக்கைச் சொன்னார். ஒரு ஜெபக்கூடத்தின் ஒலிபெருக்கியை எதிர்த்துக் குடியிருப்போர் சங்கம் போராடியது. பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லா மதத்தாருக்கும் பொருந்துகிற தீர்ப்பு. ஆனால் நடுவில் நடந்ததை அவர் சொல்லவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆய்வு செய்தபோது, சாலையில் போகிற வாகனங்களே இரைச்சலுக்குக் காரணம் என்று அறிக்கை வந்தது! புகார் கொடுத்தது 1996-இல். இறுதித் தீர்ப்பு 2000-இல். நான்கு வருஷம்! அதுவரை அத்தனை பேரும் ஒரே தெருவில்தான் குடியிருந்தார்கள்.

குடித்துவிட்டு ரகளை செய்பவரிடமும், பலமுறை சொல்லியும் நள்ளிரவில் ஒலிபெருக்கி வைப்பவரிடமும் தனியாகப் போய்ப் பேசச் சொல்கிறேனா? இல்லை. அங்கே 100-ஐக் கூப்பிடுங்கள். மருந்தில் கேட்காத நோய்க்குத்தான் அறுவைச் சிகிச்சை. தும்மலுக்கே கத்தியை எடுக்காதீர்கள் என்கிறேன்.

நிறைவாக ஒன்று. இரைச்சலின்றி வாழ்வதும் வாழ்வுரிமையே என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று சொன்ன தீர்ப்பை நண்பர்கள் பெருமையாகக் காட்டினார்கள். அந்த வழக்கு எப்படிப் பிறந்தது தெரியுமா? 1998 ஜனவரியில் வந்த ஒரு பத்திரிகைச் செய்தி. கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமி உதவி கேட்டுக் கதறினாள். அக்கம்பக்கத்து ஒலிபெருக்கிப் பாட்டில் அந்தக் குரல் அமுங்கிப்போனது. யார் காதிலும் விழவில்லை. பிறகு அந்தக் குழந்தை உயிரையே மாய்த்துக்கொண்டாள். அதைப் படித்து மனம் பொறுக்காமல் ஒரு பொறியாளர் நீதிமன்றம் போனார்.

நடுவர் அவர்களே, பக்கத்து வீடு என்பது வெறும் வாய் அல்ல. அது ஒரு காது. என்றைக்காவது ஒரு ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாம் கூப்பிடும்போது, கேட்க வேண்டிய காது! நோட்டீசுக்குப் பயந்து அந்த வீடு அமைதியாகிவிடலாம். ஆனால் கூப்பிட்ட குரலுக்கு அந்தக் கதவு திறக்குமா? பேசிப் பழகிய கதவுதான் திறக்கும். எனவே தீர்வு பேச்சே என்று தீர்ப்பளிக்கக் கேட்டு அமர்கிறேன்.