கொக்கின் தூவியும் மகளிர் ஏற்ற பழியும்



அணிகலன்களை ஆராய்ந்தோர் பொன்னையும் மணியையும் பேசிய அளவுக்கு இறகைப் பேசினாரில்லை. 1770களில் பிரெஞ்சு அரசி மாரி அந்துவானெத் தம் உயர்ந்த கொண்டையில் தீக்கோழி இறகைச் சூடினார். அது உயர்குடிக் கோலமாயிற்று. அடுத்த நூற்றாண்டில் அக்கோலம் கடைத்தெருவுக்கும் இறங்கியது. 1886இல் பறவையியலாளர் பிராங்க் சாப்மன் நியூயார்க் வீதிகளில் எண்ணிப் பார்த்த 700 மகளிர் தொப்பிகளுள் 542 இறகு தாங்கியிருந்தன.

அவ்விறகுகளுள் பெரிதும் விரும்பப்பட்டது வெண்கொக்கின் தூவி. அது கொக்கின் முதுகில் இனம்பெருக்கும் பருவத்தில் மட்டுமே தோன்றுவது. நூலிழையெனப் பிரிந்து, மெல்லிய காற்றுக்கும் அசைவது. சுருங்கச் சொன்னால், அது பறவையின் மணக்கோலம். கேடும் அங்கேதான் தொடங்கிற்று. கூட்டைவிட்டு அகல மனமில்லாத தாயையும் தந்தையையும் வேடர் எளிதில் சுட்டு வீழ்த்தினர். குஞ்சுகள் பசியால் மடிந்தன. உதிர்ந்த தூவியையே பொறுக்கி விற்பதாக வணிகர் சாதித்தனர். உதிர்ந்தது தேய்ந்தும் அழுக்கேறியும் இருக்கும். அதற்கு அவ்வணிகரே குறைந்த விலைதான் தந்தனர்!

பழியோ தொப்பி அணிந்த பெண்ணின் தலையிலேயே ஏறியது. ஆனால் எதிர்த்து எழுந்தோரும் பெண்டிரே. 1889இல் மான்செஸ்டரை அடுத்த டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் மகளிரைத் திரட்டிச் சங்கம் கண்டார். 1896இல் பாஸ்டனில் ஹாரியட் ஹெமன்வே, மின்னா ஹால் ஆகியோர் அவ்வாறே முனைந்தனர். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமைகூட இல்லாத காலத்தில் எமிலி தொடங்கிய சங்கம் 1904இல் அரச சாசனம் பெற்றது.

இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி செய்வது 1902இலேயே தடுக்கப்பட்டது. வாங்கும் இலண்டன் சந்தை திறந்தே கிடந்தமையால் சரக்கு மறைவாகச் சென்றுகொண்டிருந்தது. சந்தையை அடைக்கும் மசோதாவோ 1920இல், குழுவுக்கு வேண்டிய எண்ணிக்கையில் உறுப்பினர் வராமையால் முடங்கிற்று. அவ்வாண்டு ஓர் இதழாளர் பெண்களைச் சாடி எழுத, வர்ஜீனியா வுல்ஃப் விடையிறுத்தார். சுடுவோர் ஆடவர், விற்போர் ஆடவர், குழுவிலும் ஒருவர் தவிர எல்லாரும் ஆடவர் என்று அவர் எடுத்துக்காட்டினார். பெண்ணின் பொறுப்பை அவர் மறைக்கவில்லை. பங்காளிகளைப் பெயர்சொல்லி அழைத்தார், அவ்வளவே.

சட்டம் 1921இல் நிறைவேறிற்று. அதுவும் இறக்குமதியைத் தடுத்ததேயன்றி, சூடுவதைத் தடுக்கவில்லை. அதற்குள் இளம்பெண்கள் கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, தலையோடு ஒட்டிய சிறு தொப்பிக்கு மாறத் தொடங்கியிருந்தனர். பெரிய தூவிக்கு அதில் இடமில்லை.