தாது வருஷத்துப் பத்திரம்

பிள்ளையார்பாளையத்திலிருந்து அரை நாள் தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் என் சொந்தங்களே!

கல்லில் எழுதிவைத்த ஊர் நம்முடையது. பக்கத்தில் உத்திரமேரூருக்குப் போனால், பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், குடவோலையை எப்படி எடுத்தார்கள், யார் யார் போட்டியிடக் கூடாது என்பது வரைக்கும் சுவரில் இருக்கிறது. சரி, உங்கள் தாத்தாவுக்குத் தாத்தா பெயர் என்ன? தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள். ஐந்தாறு கைதான் தெரிகிறது. வெட்கப்பட வேண்டாம், போன வருஷம் வரை எனக்கும் தெரியாது.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பூச்சி அரித்தது போக மிஞ்சிய ஒரு கிரயப் பத்திரம். “தாது வருஷம் தை மாதம்” என்று ஆரம்பிக்கிறது. எந்தத் தாது? அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருமே! 1816, 1876, 1936, மூன்றும் தாதுதான். ஆள் பெயரை வைத்துப் பிடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தாத்தா பெயரைத்தானே பெயரனுக்கு வைக்கிறோம்? எங்கள் வம்சத்தில் இரண்டே பெயர்கள், நாடா மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கடைசியில் காட்டிக்கொடுத்தவர் விக்டோரியா மகாராணி. முத்திரைத்தாளில் அவர் தலை இருந்தது. 1816ல் அவர் பிறக்கவே இல்லை. 1936ல் அவர் போய் முப்பத்தைந்து வருஷம். ஆக, நடுவில் இருக்கும் தாது. தை மாதம் என்றால் 1877 ஜனவரி.

தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சோற்றுக்கே வழியில்லாதபோது சேலை வாங்க யார் வருவார்? எங்கள் முன்னோர் மனையில் பாதியை விற்றிருக்கிறார். பெயர், தகப்பனார் பெயர், ஜாதி, சைவ மதம், நெசவு ஜீவனம், அடியில் ஒரு கைநாட்டு. விற்ற தொகையைச் சொல்ல மாட்டேன். இன்றைக்கு அந்தத் தெருவில் மனை என்ன விலை என்று தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர், நெஞ்சு தாங்காது.

அந்தக் காலத்தில் நம் செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்து எத்தனையோ பேர் சென்னைக்குப் போய்க் கப்பலேறினார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட ஆட்களை ஏற்றிப் போன முதல் கப்பல் ட்ரூரோ. சென்னையில் ஏற்றிய 342 பேரோடு 1860 நவம்பர் 16ல் டர்பனைத் தொட்டது. 1866ல் நின்றுபோன ஆளெடுப்பு 1874ல் மறுபடி தொடங்கியது. இரண்டே வருஷத்தில் பஞ்சமும் வந்தது. 1911 வரை இந்தியாவிலிருந்து போனவர்கள் 1,52,184 பேர். கப்பல் ஏட்டில் ஆளுக்கு ஒரு எண். அதற்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் இருக்கும் மச்சம், தழும்பு.

பாசத்தில் எழுதினார்கள் என்று நினைக்காதீர்கள். கரும்புத் தோட்டத்துக்கு வாங்கிய ஆளை அடையாளம் காண எழுதிய கணக்கு அது. ஆனாலும் டர்பனில் இருக்கும் ஒரு கொள்ளுப்பேத்தி அந்த ஏட்டைப் புரட்டி, தன் பாட்டிக்கு எந்த இடத்தில் தழும்பு இருந்தது என்று சொல்லிவிட முடிகிறது. என் பத்திரத்தில் பாட்டிக்குப் பெயரே கிடையாது! கடல் தாண்டிப் போனவளுக்குப் பெயர் இருக்கிறது, இங்கேயே உட்கார்ந்து ஆயுசு முழுக்கத் தார் சுற்றியவளுக்கு இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்குமே என்பீர்கள். 1871லேயே எடுத்தார்கள். இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு எழுதிய தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இங்கே கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டு தாள்களைக் கழித்துவிட்டார்கள். அதனால் நமக்குக் கதி பத்திரம்தான். 1865 முதல் பதிவுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பெட்டியில் அழிந்தது பதிவு அலுவலகப் புத்தகத்தில் பிழைத்திருக்கலாம்.

பத்திரம் கையில் கிடைத்தால் முதலில் செக்குபந்தியைப் படியுங்கள். நான்கு எல்லைக்கும் நான்கு வீட்டுக்காரர். ஒருவரைத் தேடப் போனால் தெருவே எழுந்து வரும். என் பத்திரத்தில் கிழக்கே வீதி, தெற்கே கோயில் மனை, மேற்கில் பூச்சி அரித்துவிட்டது. வடக்கு வீட்டுக்காரர் பெயர் மட்டும் தெளிவாக இருக்கிறது. அவருடைய வம்சத்தார் இதோ, இரண்டாவது வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். “உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள் அண்ணே” என்று மூன்று மாதமாகக் கேட்கிறேன், சாவியைக் காணோம் என்கிறார். இன்றைக்கு ஒலிபெருக்கி என் கையில் இருக்கிறது. அண்ணே, ஞாயிற்றுக்கிழமை காலையில் வரட்டுமா?