கான்சாஸ் சிட்டியில் ரெண்டு ராத்திரி

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ரிடையர் ஆனபிறகு எங்கே போகலாம்?" என்று பத்து நிமிஷம் பேசச் சொன்னார் செயலாளர். காசி, பத்ரிநாத் பற்றிச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் 2023-ல் போய்வந்த ஓர் அமெரிக்க ஊரைப் பற்றிச் சொல்கிறேன். நயாகரா இல்லை, கான்சாஸ் சிட்டி. பேரில்தான் கான்சாஸ், நான் போன பகுதி மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்தது. ஊரைப் பார்க்கப் போனது பாதி, ஒரு மனுஷனைப் பார்க்கப் போனது பாதி.

ஹாஸ்டலில் என்னோடு நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தவன் அவன். ஷட்டிலில் நாங்கள்தான் இரட்டையர் ஜோடி என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பிறகு அவன் செயின்ட் லூயிஸில் வேலை கிடைத்துப் போய்விட்டான். 2009-ல் நான் கைகாட்டிய மனை ஒன்றை வாங்கினான். அதில் வில்லங்கம். பணம் மாட்டிக்கொண்டது. போனில் கேட்டான். "பத்திரத்தை நீதானே பார்த்திருக்கணும்?" என்றேன். அதோடு பதினாலு வருஷம் பேச்சில்லை.

ஒமாஹாவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, என் மனைவி என்னிடம் சொல்லாமலே அவன் மனைவிக்குப் போன் போட்டாள். அங்கிருந்து கார் நாலு மணி, இங்கிருந்து மூணு மணி. நடுவில் கான்சாஸ் சிட்டி. மகன் ஓட்டலில் ரூம் போட்டுக் கொடுத்தான்: ஒரே அறை, ரெண்டு கட்டில்!

ஓட்டல் வசதிக்குக் குறைவில்லை. காபி போட மெஷின், சட்டை தேய்க்க இஸ்திரிப் பெட்டி, உட்கார்ந்து குளிக்கத் தொட்டி. வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று குளித்த நாங்கள், "நீ முதல்ல போ", "இல்லப்பா, நீ போ" என்று சம்பந்திகள் மாதிரி மரியாதை காட்டிக்கொண்டோம். முதல் நாள் ராத்திரி பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் பார்பெக்யூ. அந்த ஊருக்கு அதுதான் பெருமை. 1871-லிருந்து 1991 வரை அங்கே பெரிய கால்நடைச் சந்தை நடந்தது, இறைச்சிக்குப் பஞ்சமில்லை. ஹென்றி பெர்ரி என்ற கறுப்பின சமையல்காரர் 1908 வாக்கில் புகையில் வாட்டிய இறைச்சியைப் பத்திரிகைத் தாளில் சுற்றி விற்க ஆரம்பித்தார். 1940-ல் அவர் காலமானபிறகு அவரிடம் வேலை செய்த சார்லி பிரையன்ட்டும், பின்னர் அவர் தம்பி ஆர்தர் பிரையன்ட்டும் கடையை நடத்தினார்கள். ஆர்தர் பிரையன்ட் பேரில் அந்தக் கடை இன்றும் இருக்கிறது. உலகத்திலேயே சிறந்த சாப்பாட்டுக் கடை இதுதான் என்று, அந்த ஊர்க்காரரான எழுத்தாளர் கால்வின் டிரில்லின் 1970-களில் எழுதிவைத்தார்.

அலங்காரம் கிடையாது. க்யூவில் நின்று தட்டை வாங்க வேண்டும். வெள்ளை ரொட்டி, அதன்மேல் இறைச்சி, பக்கத்தில் ஊறுகாய் வெள்ளரி, புளிப்பும் காரமுமாகச் சாஸ். நான் கோழி, அவன் மாட்டிறைச்சி. பிரிஸ்கெட் என்கிற அந்த மார்க்கறி சாதாரணமாகக் கடிக்க முடியாத முரட்டுக் கறியாம். அவசரமாகச் சமைத்தால் செருப்புத் தோல்தான். மெல்லிய சூட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வைத்தால், உள்ளே இருக்கும் நார் கரைந்து பஞ்சாகிவிடுகிறது. கருகின ஓரத் துண்டுகளை ஒரு காலத்தில் சும்மா எடுத்துக்கொள்ளச் சொல்லி வைத்திருந்தார்கள். இப்போது அதற்குத்தான் கிராக்கி. சைவ நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இம்மாதிரிக் கடைகளில் பயறு மசியலிலும் இறைச்சி கலந்திருப்பது உண்டு. கேட்டு வாங்குங்கள்.

சாப்பிட்டுவிட்டு நெல்சன்-அட்கின்ஸ் கலைக்கூடம் போனோம். பத்திரிகை அதிபர் நெல்சனும், பள்ளி ஆசிரியையாக இருந்த மேரி அட்கின்ஸும் விட்டுச்சென்ற சொத்தில் 1933-ல் திறந்தது. பொது அனுமதி இலவசம். சீனக் கூடத்தில் சுமார் எட்டடி உயர மரச்சிற்பம், நூற்றாண்டுகள் பழமையான குவான்யின் போதிசத்துவர். ஒரு முழங்காலை உயர்த்தி, அதன்மேல் கையைப் போட்டு, ஓய்வாக உட்கார்ந்திருக்கிறார். அவன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஹாஸ்டல் திண்ணையில உட்கார்ற மாதிரியே இருக்குல்ல?" என்றான். பதினாலு வருஷத்துக்குப் பிறகு அவன் வாயில் வந்த முதல் 'நம்ம'.

வெளியே புல்வெளிக்கு வந்தால் எனக்குத் திகைப்பு. ஆள் உயரத்துக்கு மூணு மடங்காக ராட்சத ஷட்டில் காக்குகள்! கிளேஸ் ஓல்டன்பர்க், கோஷ்யா வான் புருகன் தம்பதி செய்து 1994-ல் வைத்தவை. மொத்தம் நாலு, ஒவ்வொன்றும் சுமார் 2,500 கிலோ. முதலில் ஊரில் எதிர்ப்பாம். இப்போது ஊரின் அடையாளமே அதுதான். கட்டடத்தையே வலையாகக் கற்பனை செய்து, இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் ஒண்ணு என்று விழுந்து கிடக்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தைரியம் வந்தது. "மனை விஷயத்துல தப்பு என்னோடதுதான். விசாரிக்காம சொன்னேன். அதைவிட, அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை. "பணம் போனதுக்கு வருத்தமில்லடா. அதுக்கப்புறம் நீ ஒரு போன் பண்ணலியே" என்றான். சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எங்கள் அப்பா காலமானது அவனுக்குத் தெரியாது. அவன் பைபாஸ் செய்துகொண்டது எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி பாதி ஹாஸ்டல் கதை, பாதி இந்தக் கதை. தூங்கும்போது மணி மூணு.

அன்பர்களே, ஒரு நாளில் நாலு ஊர் பார்க்கிற டூர் போயிருந்தால் இது நடந்திருக்காது. ஒரே ஊர், ரெண்டு ராத்திரி, ஒரு நல்ல சாப்பாடு, ஒரு கலைக்கூடம் போதும். அமெரிக்காதான் போக வேண்டும் என்றில்லை, தஞ்சாவூரே போதும். யாரோடு போவது என்பதைத்தான் யோசித்து முடிவு செய்யுங்கள். நீங்கள் பேசாமல் இருக்கிற ஒருவர் இந்த ஹாலிலேயே இருக்கலாம். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

மனை வழக்கு இன்னும் முடியவில்லை. அவனுக்காக வாய்தாவுக்கு நான்தான் போய்வருகிறேன்.